செல்ஃப் எடுக்கவில்லையா? ஸ்பேனருக்கு முன் மீட்டரை எடுங்கள்

சாவியைத் திருப்புகிறீர்கள், ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பத் திருப்பினால் திரும்பவும் ஒரு ‘டக்’. ஐந்தாறு முறை இப்படி முரண்டு பிடித்துவிட்டு, ஏழாவது முறை ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிவிடும், நாமும் சரி போகட்டும் என்று விட்டுவிடுவோம். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போகப்போகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் கேபிள் உளுத்துப் போயிருந்தாலும் இதேதான்.

நான் முதன்முதலில் மாற்றிய செல்ஃப், மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று. அரை நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் மண்ணும் ஆயிலும் கொட்டக் கொட்டக் கழற்றி, புதிதை மாட்டி, கையைக்கூடக் கழுவாமல் போய்ச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’. அப்புறம்தான் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அந்த வண்டியில் செல்ஃபுக்கு எர்த் அது வழியாகத்தான். மேலே உறை நன்றாகத்தான் இருந்தது, லேசாக வளைத்ததும் லக்குக்கு, அதாவது போல்ட்டில் மாட்டும் முனைக்குப் பக்கத்தில் செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. பட்டையை மாற்றியது பத்து நிமிட வேலை. கழற்றிப் போட்ட பழைய செல்ஃபுக்குத் தரையில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. அதனால் இங்கே கழற்றி மாட்டுவதைவிடக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், கழற்றுவது பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது

செல்ஃப் மோட்டாரின் முதுகில் உருளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் சொலினாய்டு. சாவியைத் திருப்பும்போது ஒரு மெல்லிய ஒயர் வழியாக அதற்கு ஒரு சிக்னல் போகிறது. உள்ளே இரண்டு சுருள்கள்: இழுப்பதற்கு ஒன்று, இழுத்ததைப் பிடித்து வைப்பதற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றன. தண்டின் ஒரு முனை ஒரு கவையைத் தள்ளி, சின்னப் பல் சக்கரத்தை, அதாவது நாம் பெண்டிக்ஸ் என்கிறோமே அதை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரோடு கோத்துவிடுகிறது. மறுமுனை ஒரு செம்புத் தட்டை இரண்டு தடித்த செம்புக் கட்டைகள் மேல் போய் அறைகிறது. அந்த அறைதான் ‘டக்’. அதற்குப் பிறகுதான் பேட்டரியின் முழுக் கரண்டும் மோட்டாருக்குப் போகும், எஞ்சின் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் அது பெண்டிக்ஸை வேகமாகச் சுழற்றி மோட்டாரைச் சிதறடித்துவிடாமல் இருக்க, பெண்டிக்ஸுக்குள் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் ஒன்று உண்டு, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி.

இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது கரண்டின் அளவு. சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற 100 முதல் 200 ஆம்பியர் வரை போகும், டீசலுக்கு அதற்கும் மேல். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் எங்காவது ஓர் இடத்தில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால்கூட அங்கேயே 1.5 வோல்ட் காணாமல் போய்விடும். 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ‘பீப்’ அடித்து எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். கேபிளில் பீப் வந்தது, அதனால் கேபிள் நல்லது என்று முடிவு கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் காது

மீட்டருக்குப் போவதற்கு முன் சத்தமே பாதி சொல்லிவிடும். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் சரியில்லை. கட்டைகள் சேர்ந்ததும் வோல்டேஜ் சரிகிறது, பிடித்து வைக்கும் சுருளுக்குத் தெம்பில்லாமல் தண்டு விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்ப இழுக்கிறது. இதுதான் அந்தத் தாளம். ஒரே ஒரு பலமான ‘டக்’ மட்டும் வந்து நின்றால் சந்தேகம் செல்ஃப் பக்கம் சாயும்: செம்புக் கட்டைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கலாம், இல்லை எஞ்சினே இறுகியிருக்கலாம். ‘உய்ய்ய்’ என்று மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பெண்டிக்ஸ் வெளியே வரவே இல்லை. ‘கர்ர்க்’ என்று இரும்பை இரும்பு தின்னும் சத்தம் வந்தால் பல்லில் கோளாறு. அப்போது திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் ரிங் கியரில் கொஞ்சம் போகும்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் கட்டைகள் வெல்டு ஆகி ஒட்டிக்கொண்டுவிட்டன. யோசிக்க நேரமில்லை, பேட்டரி கேபிளைப் பிடுங்கியாக வேண்டும். ஒரு 10 மி.மீ. ஸ்பேனரை எப்போதும் வண்டியில் போட்டு வைக்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

சத்தமே இல்லை என்றால்? அது தனிக் கதை, கொஞ்சம் கீழே வருகிறது.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு சுத்தமாக மங்கிச் செத்தால் பேட்டரி, டெர்மினல், அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகிக் கரண்டை விழுங்குகிறது. விளக்கு கொஞ்சமும் அசராமல் அப்படியே எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. இருட்டில், கையில் எந்தக் கருவியும் இல்லாமல் ரோட்டோரம் நிற்கும்போது இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அப்புறம் மீட்டர்

பேட்டரியை முதலில் பாருங்கள், அதுவும் வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு. இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளக்கவும், இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் உங்களை ஏமாற்றும். 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் வேறு எதையும் தொடாமல் முதலில் சார்ஜ் போடுங்கள். காலி பேட்டரியோடு செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சின் நிஜமாகவே ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃப்யூயல் பம்ப் ரிலேயையோ ஃப்யூஸையோ பிடுங்கிவிடுங்கள், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், பெல்ட் பக்கமும் ஃபேன் பக்கமும் கையோ ஒயரோ துணியோ இருக்கக் கூடாது. உள்ளே ஒருவரை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சூட்டில் வெந்துவிடும்.

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தால் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. 6, 7 என்று விழுந்தால் பேட்டரி வீக், அல்லது எதிர்முனையில் ஏதோ இறுகியிருக்கிறது. ‘டக்’ சத்தம் வந்தும் 12.4-லிருந்து இம்மியும் இறங்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், அதனிடம் யாரும் கரண்ட் கேட்கவே இல்லை.

இனி வருவதுதான் முக்கியமான சோதனை. சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள். கேபிள் கிளாம்பில் வைத்துவிடாதீர்கள், கட்டைக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் வெள்ளைப் பூஞ்சையாகப் பூத்திருக்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். கறுப்பு முனையை செல்ஃபில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள், பல வண்டிகளில் அதற்கு 30 என்று எண் போட்டிருக்கும். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் வருவது கேபிளும் இணைப்புகளும் தின்னும் வோல்டேஜ், 0.5-க்குள் இருந்தால் சரி. 1, 2 என்று வந்தால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான், கறுப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் எண் சட்டென்று குறைகிறதோ அங்கே அகப்படுவான்.

எர்த் பக்கமும் அப்படியே: செல்ஃபின் உடம்பில் சுத்தமான இரும்பில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவ் கட்டையில் இன்னொன்று. 0.3-க்குள் இருக்க வேண்டும். என் கதையில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த அளவுகள் கரண்ட் ஓடும்போது மட்டுமே பேசும். செல்ஃப் கரண்டே இழுக்கவில்லை என்றால் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும், அதைப் பார்த்து ஆஹா கேபிள் அருமை என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரி முனைகளை விட்டுவிட்டு, மீட்டரைச் செல்ஃபின் தடித்த போல்ட்டிலிருந்து அதன் உடம்புக்கு நேராக அளந்து பாருங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அங்கே 10, 11 வோல்ட் நிற்கிறது, ‘டக்’ கேட்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. இப்போது குற்றவாளி செல்ஃபுக்கு உள்ளே இருக்கிறான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

உள்ளே எங்கே என்பதையும் வெளியிலிருந்தே பார்க்கலாம், கை எட்டினால். சொலினாய்டில் இரண்டு தடித்த போல்ட்கள் உண்டு: ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, இன்னொன்று மோட்டாருக்குள் போவது. இரண்டுக்கும் குறுக்கே மீட்டரை வைத்தால் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் அளவில் காட்டும், நடுவில் சுவிட்ச் திறந்திருக்கிறது என்று பொருள். ‘டக்’ என்றதும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். விழாமல் 12-லேயே நின்றால் செம்புக் கட்டைகள் போய்விட்டன. விழுந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் கார்பனோ, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரோ.

சத்தமே வராதபோது

சொலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரைப் பிடியுங்கள், பல வண்டிகளில் அது 50 என்ற டெர்மினல். சாவியைத் திருப்பும்போது அங்கே பேட்டரிக்குப் பக்கமான வோல்டேஜ் வர வேண்டும். வரவில்லை என்றால் செல்ஃபைத் தொடாதீர்கள், அது பாவம், அதற்கு யாரும் வேலை சொல்லவே இல்லை. ஃப்யூஸ் பாருங்கள், ஸ்டார்ட்டர் ரிலேயை அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் P-யில் எடுக்காதது N-ல் எடுக்கிறதா என்று பாருங்கள், எடுத்தால் கியர் நிலை சுவிட்ச்தான் காரணம். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் மிதியடியின் மேல் முனையில் இருக்கும் குட்டி சுவிட்ச் கழன்று தொங்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள், பிரேக் சுவிட்ச் செத்தால் பிரேக்கை மிதித்தது வண்டிக்குத் தெரியாது. சாவி படம் போட்ட விளக்கு டேஷ்போர்டில் மினுக்கிக்கொண்டிருந்தால் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் தடுக்கிறது.

50-ல் வோல்டேஜ் வருகிறது, ஆனாலும் மயான அமைதி என்றால் சொலினாய்டு சுருள் அறுந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. இழுக்கும் சுருளுக்கு எர்த் நேரடியாகக் கிடைப்பதில்லை, மோட்டாருக்குள் போய் கார்பன் வழியாகத்தான் கிடைக்கிறது. கார்பன் முழுக்கத் தேய்ந்து ஆர்மேச்சர் முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரைத் தொடாமல் நின்றால் மோட்டார் மட்டுமல்ல, ‘டக்’ சத்தமும் போய்விடும். பழைய ஆட்கள் சுத்தியல் பிடியால் செல்ஃபைத் தட்டச் சொல்வதன் ரகசியம் இதுதான்: தட்டும்போது கார்பன் கொஞ்சம் நகர்ந்து உட்காரும், ஒருமுறை எடுத்துவிடும். தட்டி எடுத்தால் செல்ஃப் போய்விட்டது என்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் இது வீடு போய்ச் சேர்வதற்கான வழி, வைத்தியம் அல்ல. மெதுவாகத் தட்டுங்கள். இப்போதைய செல்ஃப்கள் பலவற்றில் நிலைக்காந்தம் உள்ளே ஒட்டியிருக்கும், ஓங்கி அடித்தால் அது உடையும், அதற்குப் பிறகு ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காலையில் எடுக்கிறது, ஓட்டிவிட்டு நிறுத்திப் பத்து நிமிடத்தில் எடுக்க மறுக்கிறது என்பது இன்னொரு ரகம். செல்ஃப் பல வண்டிகளில் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 சதவீதம் கூடும், ஏற்கெனவே தள்ளாடும் சொலினாய்டுக்கு அது போதும். இதைக் குளிர்ந்த வண்டியில் அளந்து பயனில்லை, மறுக்கும் அந்த நேரத்திலேயே பானட்டைத் திறந்து 50-ல் அளக்க வேண்டும்.

கடைசியாக எஞ்சின். ஒரே ‘டக்’, விளக்கு செத்துப்போகிறது, பேட்டரி புதிது என்றால், எஞ்சினின் பெல்ட் பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றிப் பாருங்கள், நியூட்ரலில். அசைந்தால் நிம்மதி. அசையவே இல்லை என்றால் பிரச்சினை செல்ஃபைவிடப் பெரிது. அதுவும் வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

கழற்றுதல்

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இதில் சமரசமே கிடையாது. செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள் பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது, ஸ்பேனர் அந்த நட்டிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் அது வெல்டிங் ராடாக மாறிவிடும், விரலில் மோதிரம் இருந்தால் விரலும் சேர்த்து. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். ரேடியோ ரகசிய எண் (கோட்) கேட்கும் வண்டி என்றால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கம் போகவே வேண்டாம், ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் நாம் பேசும் இந்த செல்ஃபே கிடையாது.

செல்ஃப் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும், ஃப்ளைவீல் அங்கேதானே இருக்கிறது. தடித்த சிவப்புக் கேபிளைப் பேட்டரியிலிருந்து பின்தொடர்ந்தால் கொண்டுபோய் விட்டுவிடும். சிலவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கினால் மேலிருந்தே எட்டும், சிலவற்றில் அடியில் போக வேண்டும். அடியில் போவதென்றால் ஜாக்கியை நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள், ஸ்டாண்டு போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போங்கள். காடிலாக்கின் நார்த்ஸ்டார் எஞ்சின், முதல் லெக்ஸஸ் எல்எஸ் 400 போன்றவற்றில் செல்ஃப் இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுப்பள்ளத்தில் ஒளிந்திருக்கும். அந்த மாதிரி வண்டி என்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒயரைத் தொடும் முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த போல்ட்டின் ரப்பர் மூடியை விலக்கினால் 12 அல்லது 13 மி.மீ. நட் இருக்கும். 50 ஒயர் ஒரு கிளிப்பில் இருக்கும், அல்லது சின்ன நட்டில். கிளிப்பின் தாழ்ப்பாளை அமுக்காமல் இழுத்தால் வயதான பிளாஸ்டிக் கையோடு வந்துவிடும். அடுத்து செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட்கள், பெரும்பாலும் இரண்டு, சிலவற்றில் மூன்று. கீழ் போல்ட் கண்ணுக்கு நேரே இருக்கும். மேல் போல்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். பார்க்க முடியாது, விரல் நுனியால் தடவித்தான் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் இரண்டைக் கோத்து, தேவைப்பட்டால் நடுவில் ஒரு மடக்கு ஜாயின்ட் போட்டு, ஒரு கையால் சாக்கெட்டை போல்ட் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் ராட்செட்டை இழுக்க வேண்டியிருக்கும். சாக்கெட் முழுசாக உட்கார்ந்ததா என்று உறுதியாகும்வரை பலம் கொடுக்காதீர்கள், தலையை உருட்டிவிட்டால் ஆயுசுக்கும் சாபம். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு நெகிழ்த்தும் ஆயிலை அடித்து வையுங்கள். போல்ட்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கலாம், எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி போல்ட் வரும்போது செல்ஃபை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கிலோ இருக்கும், பழைய டீசல் என்றால் இன்னும் கூட. முகத்துக்கு மேலே வைத்துக்கொண்டு கழற்ற வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்கிறேன்.

வெளியே வந்ததும் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லி முழு வட்டத்தையும் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரெஷன் காரணமாக ஏறக்குறைய ஒரே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், அதனால் பெண்டிக்ஸ் எப்போதும் அந்தப் பற்களில் மட்டுமே போய் இடிக்கும். மற்ற பல்லெல்லாம் புதிதாக இருக்க, அந்த இரண்டு இடத்தில் மட்டும் கூர் மழுங்கி, ஓரம் பிய்ந்து கிடக்கும். லேசாக என்றால் பரவாயில்லை. பாதிப் பல் இல்லை என்றால் புதிய செல்ஃபையும் அது தின்றுவிடும், கியர் பாக்ஸை இறக்கி ரிங் கியர் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றுவதா, பிரிப்பதா

பழையதை வெளியே ஒருமுறை சோதித்துவிடுங்கள். செல்ஃபை வைஸில் கட்டுங்கள், வைஸ் இல்லாவிட்டால் காலுக்கடியில் இறுக்கி மிதித்துக்கொள்ளுங்கள், துள்ளும். ஜம்பர் கேபிளில் நெகட்டிவை உடம்பிலும் பாசிட்டிவை 30 போல்ட்டிலும் மாட்டி, 30-லிருந்து 50-க்கு ஓர் ஒயரைத் தொடுங்கள். பெண்டிக்ஸ் வெளியே பாய்ந்து சுற்ற வேண்டும். மூன்று நான்கு விநாடி போதும், சுமையில்லாமல் சுற்றும்போது வேகம் எகிறும். ஆனால் இங்கே சுற்றியது என்பதால் அது நல்லது என்றாகிவிடாது, எஞ்சின் சுமையில் திணறுவது வேறு. சுற்றாவிட்டால் மட்டும் தீர்ப்பு உறுதி.

பெண்டிக்ஸைக் கையால் சுற்றிப் பாருங்கள்: ஒரு திசையில் தளர்வாகச் சுற்ற வேண்டும், மறுதிசையில் ஆர்மேச்சரையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

பிரிக்கலாமா என்றால், கட்டையும் கார்பனும் மட்டும் போயிருந்தால் பிரித்துச் சரிசெய்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சொலினாய்டு மூடியைத் திறந்தால் இரண்டு செம்புக் கட்டைகளில் ஒன்று நடுவில் குழி விழுந்து கரியாகக் கிடக்கும், தட்டும் வட்டமாகத் தீய்ந்திருக்கும்; உதிரியாகக் கிடைக்கும் மாடல் என்றால் மூன்றையும் சேர்த்து மாற்றினால் இன்னொரு சுற்று ஓடும். மோட்டார் பக்கம் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் தன்னைச் சுற்றியிருக்கும் காந்தப் பகுதியில் உரசிய தடம் தெரிந்தாலோ, கம்யூட்டேட்டரில் பட்டைகள் கிளம்பியிருந்தாலோ அதோடு மல்லுக்கட்ட மாட்டேன், முழுசாக மாற்றிவிடுவேன்.

புதிதை வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பெண்டிக்ஸ் பல்லை எண்ணுங்கள், விட்டத்தைப் பாருங்கள், போல்ட் ஓட்டைகளையும் மூக்கின் நீளத்தையும் ஒப்பிடுங்கள், சுற்றும் திசை ஒன்றா என்று பாருங்கள். ஒரு பல் வித்தியாசம் இருந்தாலும் மாட்டிவிடும், அப்புறம் ஒவ்வொரு காலையும் அலறும். தானாக அணைந்து தானாக எடுக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி என்றால் அதற்கென்றே செய்த உறுதியான செல்ஃப்தான் வேண்டும், சாதாரண ரகம் அந்த வேலைக்குத் தாங்காது.

திரும்ப மாட்டுதல்

செல்ஃபும் கியர் பாக்ஸ் மூடியும் உட்காரும் இரண்டு முகங்களையும் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான் போகிறது, பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். பழையதில் இடையில் மெல்லிய தகடு இருந்திருந்தால் அதைத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள், பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி அதை வைத்துத்தான். போல்ட்களைக் கையால் ஏழெட்டுச் சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர் போடுங்கள், கியர் பாக்ஸ் அலுமினியம், திருகு மரை போனால் போனதுதான். எவ்வளவு முறுக்கு என்பது அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதன்படி.

தடித்த கேபிளின் நட்டில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். அந்த போல்ட் பிளாஸ்டிக் மாதிரியான மூடிக்குள் செம்பில் நிற்கிறது, அதிகம் முறுக்கினால் மூடி விரியும், உள்ளே கட்டை திரும்பிக்கொள்ளும், புதிய செல்ஃபில் பழைய ‘டக்’ வரும். லக் பக்கத்து இரும்பைத் தொடாத கோணத்தில் நிற்கட்டும், ரப்பர் மூடி, வெப்பத் தகடு எல்லாம் அதனதன் இடத்துக்குப் போகட்டும். மேலே எங்கிருந்தாவது ஆயில் சொட்டியிருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள், பழைய செல்ஃபைக் கொன்றது அந்த ஆயிலாகவே இருக்கலாம். பேட்டரி நெகட்டிவ் கடைசியில். பிடுங்கிய ஃப்யூயல் பம்ப் ரிலேயைப் போட மறந்துவிட்டு, வண்டி எடுக்கவில்லையே என்று முழிக்க வேண்டாம், நான் முழித்திருக்கிறேன்.

முதல் முறை அடிக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். சுத்தமாகக் கோத்து, சுற்றி, விலக வேண்டும். எஞ்சின் பிடித்த பிறகு ஊளைச் சத்தம் நீடித்தால் உடனே அணைத்துவிட்டு போல்ட்டையும் தகட்டையும் திரும்பப் பாருங்கள். பிறகு நன்றாக ஓட்டி, சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பேட்டரி மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த ‘டக்’ வரும் நாளில் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.